செத்த எலியும் இரண்டாம் நாள் காய்ச்சலும்

2025 ஜூலை மாதம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொகோனினோ வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவர் நுரையீரல் பிளேக்கால் இறந்துபோனார். மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட அன்றே உயிர் பிரிந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் 2007-க்குப் பிறகு பிளேக்கால் நேர்ந்த முதல் மரணம் அது. செய்தி இவ்வளவுதான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து வாட்ஸ்அப் குழுக்களை வந்தடைவதற்குள் அது, இடைக்கால ஐரோப்பாவைச் சூறையாடிய பிளேக்கின் பெயரில், ‘கறுப்புச் சாவு திரும்பிவிட்டது’ என்று மாறி, பழைய காலத்துப் பிணக்குவியல் ஓவியம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டிருந்தது. சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், தக்கலைப் பக்கமிருந்தும் திங்கள்சந்தைப் பக்கமிருந்தும் தெரிந்தவர்கள் சிலர் என்னை அழைத்துக் கேட்டார்கள். அவர்களில் ஒரு பெண்மணியின் கேள்வி மட்டும் அரிசோனாவைப் பற்றியதாக இல்லை; தன் விளையை, அதாவது தோப்பைப் பற்றியதாக இருந்தது.

“அண்ணே, எங்க வெளையில ரெண்டு எலி செத்துக் கெடக்கு. இது அதுவாட்டு இருக்குமோ?”

“எலிமருந்து வச்சியளா?”

“ஆமா, செவ்வாக்கெழம வச்சேன்.”

“பின்னே என்ன?”

அவர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. என்னிடம் கேட்ட மற்றவர்கள் எல்லோரும் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டபோது, அவர் ஒருவர்தான் எலியைப் பார்த்துக் கேட்டார். பிளேக்கைப் பற்றிக் கவலைப்பட விரும்புகிறவர் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

இன்றைய நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2010 முதல் 2015 வரையிலான ஆண்டுகளில் உலகம் முழுவதும் 3,248 பேருக்குப் பிளேக் கண்டதாகவும், அவர்களில் 584 பேர் இறந்ததாகவும் உலகச் சுகாதார நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசு, மடகாஸ்கர், பெரு ஆகிய மூன்று நாடுகளில்தான் பெரும்பகுதி. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக ஏழு பேர்; அதுவும் நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ போன்ற மேற்குப்புற மாநிலங்களில். பாம்புக்கடியாலும் வெறிநாய்க்கடியாலும் நம் நாட்டில் ஆண்டுதோறும் போகும் உயிர்களோடு ஒப்பிட்டால் இந்த எண்ணிக்கை மிகச் சிறியது. எனவே கன்னியாகுமரி மாவட்டத்தில் வாழும் ஒருவருக்கு நாளை பிளேக் வரக்கூடுமா என்று கேட்டால், வாய்ப்பு மிக மிகக் குறைவு என்பதே நேர்மையான பதில். எனக்குள்ள கவலை வேறு. அப்படி ஒரே ஒருவருக்கு வந்துவிட்டால், நம்முடைய அன்றாட வைத்தியப் பழக்கம் அவரைக் காப்பாற்றுமா என்பதுதான் அது.

பெரியம்மையை ஒழித்ததுபோல் பிளேக்கை ஒழிக்க முடியாது. பெரியம்மைக்கு மனிதனைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. பிளேக் கிருமிக்கோ மனிதன் வழியில் தற்செயலாக அகப்படும் உயிர் மட்டுமே. அதன் குடியிருப்பு காட்டெலிகளின், அணில் இனங்களின், மர்மோட் போன்ற கொறிக்கும் பிராணிகளின் வளைகளில் இருக்கிறது. அங்கே அது பிராணியிலிருந்து தெள்ளுப்பூச்சிக்கும், பூச்சியிலிருந்து அடுத்த பிராணிக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தச் சுற்று எப்போதாவது ஊருக்குள் வாழும் வீட்டெலியைத் தொடும்போதுதான் நமக்குச் செய்தியாகிறது.

இதில் தெள்ளுப்பூச்சியின் பங்கு தனியாகச் சொல்லத் தக்கது. நோயுற்ற எலியின் ரத்தத்தோடு கிருமியும் பூச்சியின் உடலுக்குள் போகிறது. அங்கே பெருகி, இரைப்பைக்கு முன்னால் உள்ள குறுகிய அறையில் பிசுபிசுப்பான கட்டியாகத் திரண்டு வழியை அடைத்துவிடுகிறது. அடைபட்ட பூச்சி எவ்வளவு உறிஞ்சினாலும் ரத்தம் வயிற்றுக்குள் இறங்காது. பசி தாளாமல் அது மீண்டும் மீண்டும் கடிக்கும். ஒவ்வொரு கடியிலும் உள்ளே போக முடியாத ரத்தம் கிருமிகளோடு சேர்ந்து கடிவாய்க்கே திரும்பிவரும். அடைப்பு உண்டாகும் முன்பே சில பூச்சிகள் நோயைக் கடத்திவிடும் என்பது பிற்பாடு தெரிய வந்தது என்றாலும், பட்டினியால் வெறிகொண்ட பூச்சிதான் பழைய கொள்ளைநோய்களின் பெரும் காரணி. எலி செத்து உடல் ஆறியதும் பூச்சிகள் அதை விட்டு இறங்கி வேறு உடல் தேடுகின்றன. வேறு எலி கிடைக்காத வீட்டில் அடுத்த உடல் மனிதனுடையது. ஊரில் எலிகள் விழத் தொடங்கிச் சில நாட்கள் கழித்தே மனிதர்கள் விழுந்தார்கள் என்பதற்கு விளக்கம் இதுதான். ஹாங்காங்கில் 1894-இல் அலெக்சாந்தர் யெர்சின் கிருமியைக் கண்டறிந்தார். தெள்ளுப்பூச்சியின் பங்கை 1898-இல் பால் லூயி சிமோன் இந்தியாவில் வைத்துக் காட்டியபோது அவரைப் பலர் நம்பவில்லை.

தென்கோடித் தமிழர்களாகிய நமக்கு இந்தக் கதையில் ஒரு தனி இடம் உண்டு. 1896-இல் பம்பாயில் தொடங்கிய பிளேக், அடுத்த கால் நூற்றாண்டில் இந்தியாவில் சுமார் ஒரு கோடிப் பேரைக் கொண்டுபோனது. ஆனால் பம்பாய் மாகாணமும் பஞ்சாபும் பட்ட பாட்டைச் சென்னை மாகாணத்தின் வெப்பமான சமவெளிகள் படவில்லை. ஏன் என்ற கேள்விக்குக் கொழும்பு நகராட்சியில் நுண்ணுயிரியலாளராக இருந்த எல். ஃபேபியன் ஹர்ஸ்ட் ஒரு விடை சொன்னார். வடக்கே எலிகளின் மேல் பெருவாரியாக இருந்தது செனாப்சில்லா கியோப்பிஸ் என்னும் தெள்ளு. சென்னையிலும் கொழும்பிலும் அதிகம் இருந்தது அதன் ஒன்றுவிட்ட தம்பியான செனாப்சில்லா ஆஸ்டியா. இந்தத் தம்பிக்குப் பிளேக்கைக் கடத்தும் திறன் குறைவு. வெப்பமும் நமக்குச் சாதகமாகவே இருந்தது. ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸுக்கு மேலே போகும்போது பூச்சியின் உடலில் அந்த அடைப்பு சரியாகத் திரள்வதில்லை. நம் வியர்வையைச் சபிக்கும் போதெல்லாம் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

வெப்பமும் ஆஸ்டியாவும் முழுக்காப்பு ஆகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1914-இல் கொழும்புக்குள்ளேயே பிளேக் நுழைந்தது. மேற்குமலையின் தணுப்பு இறங்கும் கம்பம் பள்ளத்தாக்கில் அது விடாமல் தலைகாட்டியதால், 1930-களில் அங்கே தனியாக ஆய்வு நடத்தினார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. எங்கள் பக்கத்து முதியவர்களின் பேச்சில் வாந்திபேதியும் அம்மையும் வருவதுபோல் பிளேக் வந்து நான் கேட்டதில்லை. கோவைக்காரர்களின் பாட்டிமார் சொல்லும் கதைகளில் ஊரைக் காலி செய்துகொண்டு காட்டில் குடிசை போட்ட காட்சி கட்டாயம் வரும்.

விடுதலைக்குப் பிறகு நோய் மெல்லத் தணிந்தது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் முல்பாகலில் 1966-இல் கண்ட நோயாளிக்குப் பிறகு 28 ஆண்டுகள் இந்தியாவில் பிளேக் பேச்சில்லை. 1994-இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் மம்லா என்னும் ஊரில் எலிகள் விழுந்தன, தெள்ளுப்பூச்சித் தொல்லை பெருகியது, பிறகு மனிதர்களுக்கு நெறிகட்டிக் காய்ச்சல் வந்தது. முந்தைய ஆண்டு லாத்தூர் நிலநடுக்கத்துக்கு அஞ்சி மக்கள் வீடுகளை விட்டு வெளியே தங்கியதும், உள்ளே கிடந்த தானியத்தில் எலிகள் பெருகியதும் காரணமாகச் சொல்லப்பட்டன. செப்டம்பரில் சூரத்தில் நுரையீரல் பிளேக் என்ற செய்தி வெளியானது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லட்சக்கணக்கானோர் ரயிலேறி ஓடினார்கள். நாடு முழுவதும் மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்துபோனது. இது பிளேக்தானா என்ற சந்தேகத்தை மருத்துவர்களே எழுப்பினார்கள், வி. ராமலிங்கசுவாமி தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்தார்கள். பின்னாளில் மரபணுச் சோதனைகள் பிளேக் என்றே உறுதி செய்தன. இவ்வளவு பேர் சிதறி ஓடியும் வேறு எந்த நகரத்திலும் அது கொள்ளைநோயாகப் பற்றவில்லை என்பது சூரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி. நுரையீரல் பிளேக் மூச்சுத்துளி வழியே, மிக அருகில் இருப்பவர்களுக்கே எளிதில் ஒட்டும். கொரோனாவைப்போல் அறிகுறி இல்லாதவர்கள் ஊர் ஊராகக் கொண்டு செல்லும் நோய் அல்ல அது. நோய் தொற்றியவர் விரைவிலேயே படுக்கையில் விழுந்துவிடுவார்.

அதன் பிறகும் இரண்டு முறை வந்தது. 2002 பிப்ரவரியில் இமாசலப் பிரதேசத்தின் சிம்லா மாவட்டத்தில் 16 பேருக்குக் கண்டு, நால்வர் இறந்தார்கள். வேட்டையில் கிடைத்த காட்டுப்பூனையின் தோலை உரித்தவரிடமிருந்து தொடங்கியது. 2004-இல் உத்தரகாசி மாவட்டத்து ஊர் ஒன்றில் எட்டுப் பேருக்கு வந்து மூவர் இறந்தார்கள். இவ்விரண்டும் பெரிய செய்தியாகவில்லை.

நமக்கு அருகில் உள்ள பழைய உறைவிடம் கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு மூன்றும் கூடும் பீடபூமி. தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பெங்களூருப் பிரிவு அங்கே எலிகளைப் பிடித்து, ரத்தத்தில் பிளேக்குக்கு எதிரான பொருள் இருக்கிறதா என்று சோதித்து வருகிறது. எலி ஒன்றின் மேல் சராசரியாக எத்தனை கியோப்பிஸ் தெள்ளு இருக்கிறது என்று கணக்கெடுப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதி. சராசரி ஒன்றைத் தாண்டினால் அபாயக் குறி. பிடிபட்ட எலியின் ரோமத்தைச் சீவித் தெள்ளு எண்ணுகிற ஊழியரின் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வராது. அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டால் நமக்குத் தெரியப்போவது முதல் நோயாளியின் மூலமாகத்தான்.

அந்தப் பீடபூமிக்கும் நாகர்கோவிலுக்கும் 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. எலி நடந்து வரும் தூரம் அன்று. ஆகவே நம் மாவட்டத்துக்கு வழி என்று யோசித்தால் எனக்கு இரண்டுதான் தோன்றுகின்றன: கப்பல், பயணி.

கப்பல் வழி நன்றாகவே காவல் காக்கப்படுகிறது. துறைமுகம் தொடும் கப்பல்கள் சுகாதாரச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்; அது ஆறு மாதமே செல்லும். முன்பு அதற்கு எலி ஒழிப்புச் சான்றிதழ் என்றே பெயர் இருந்தது. கரையோடு கட்டிய கயிறுகளில் வட்டத் தகடு மாட்டியிருப்பதைத் தூத்துக்குடியில் பார்த்திருப்பீர்கள். தென்னையின் நடுமரத்தில் நாம் தகரம் சுற்றி, குரும்பை தின்ன ஏறும் எலியை வழுக்கி விழவைக்கிறோமே, அதே வித்தைதான் அது. மாவட்ட எல்லையைத் தாண்டியதும் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டுவிட்ட நிலையில், இந்தத் தகடுகளின் மேல் ஒரு கண் இருப்பது நல்லது.

பயணி வழிதான் கடினமானது. மடகாஸ்கரில் 2017-இல் நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் 31 வயதுக்காரர் ஒருவர் மலைப்பகுதியிலிருந்து கடற்கரை நகரான தோமாசினாவுக்கு, பலரோடு நெருக்கியடித்து ஒரு பங்கு டாக்சியில் கிளம்பினார். காய்ச்சலை மலேரியா என்று எண்ணினார்கள். வழியிலேயே அவர் இறந்தார். அவரோடு பழகியவர்களிடமிருந்து பரவி, நவம்பர் முடிவுக்குள் 2,400 பேர் அளவில் நோய் பதிவானது. 209 பேர் இறந்தார்கள். பெரும்பான்மை நுரையீரல் பிளேக். நம் மாவட்டத்திலிருந்து ஆப்பிரிக்க நாடுகளில் பணிபுரியும் அருட்சகோதரிகளும் பாதிரியார்களும் விடுமுறைக்கு வந்துபோகிறார்கள். கட்டுமான வேலைக்கும் செவிலியர் வேலைக்கும் உலகின் பல மூலைகளுக்கும் நம்மவர்கள் போகிறார்கள். அவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லவில்லை. காய்ச்சலோடு வருகிறவரிடம் ‘எங்கே போயிருந்தீர்கள்?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் இன்னும் வேரூன்றவில்லை என்றுதான் சொல்கிறேன்.

இனி உடம்புக்கு வருவோம். கிருமி புகுந்த ஒன்று முதல் ஏழு நாட்களில் திடீரெனக் கடும் காய்ச்சல், குளிர்நடுக்கம், தலைவலி, உடம்பு முறிவு. பூச்சி கடித்தது காலில் என்றால் தொடையிடுக்கிலும், கையில் என்றால் அக்குளிலும் நெறி கட்டும். வயலிலும் ரப்பர் தோட்டத்திலும் செருப்பில்லாமல் நடக்கிற நமக்கு நெறிகட்டுவது புதிதல்ல. காலில் முள் குத்திப் பழுத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும், இரண்டு நாளில் வடியும். பிளேக்கின் நெறி அப்படிப்பட்டதன்று. தொட விடாத வலி; நோயாளி காலை மடக்கி வைத்தபடி அசையாமல் கிடப்பார்; தேடினால் காலில் புண் எதுவும் இருக்காது; காய்ச்சலோ கொதிக்கும். வைத்தியமே செய்யாவிட்டால் நெறி கட்டும் இந்த வகையில் 100-க்கு 30 முதல் 60 பேர் வரை இறப்பார்கள். நுரையீரலைப் பிடித்த பிளேக்கில் வைத்தியம் இல்லாதவர் பிழைப்பது அரிது. அறிகுறி தொடங்கி 24 மணி நேரத்துக்குள் சரியான மருந்து போனால்தான் நம்பிக்கை.

அந்த 24 மணி நேரத்தை நம் ஊரில் எப்படிக் கழிக்கிறோம்? முதல் நாள் மாலை தெருமுனை மருந்துக் கடை. காய்ச்சல் மாத்திரையோடு அமாக்சிசிலினோ அசித்ரோமைசினோ மூன்று நாளைக்குக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். சீட்டு கேட்பதில்லை, விலையும் அதிகமில்லை. பணிக்காலத்தில் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கப் போனபோது இந்தக் கவரை நான் பார்க்காத தெரு இல்லை. பிளேக்கைப் பொறுத்தவரை இந்த இரண்டு மருந்துகளையும் நம்ப முடியாது. பெனிசிலின் இனத்து மருந்துகள் பிளேக்குக்கு உதவுவதில்லை. ஆக, ‘ஆண்டிபயாடிக் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்று நோயாளி நிம்மதியாகப் படுத்திருக்கையில், இரண்டாம் நாளும் கைநழுவிப்போகும். பிளேக்கை வெல்லும் மருந்துகள் வேறு: ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின், டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின். எல்லாம் பழைய, மலிவான மருந்துகள். பல மருந்துகளுக்கு மசியாத கிருமி ஒன்று 1995-இல் மடகாஸ்கரில் ஒரு நோயாளியிடம் கிடைத்தது. பிறகு அந்த வகை பெரிதாகப் பரவவில்லை. இப்போதைக்கு நம்மிடம் குறைவது மருந்தல்ல, நேரம்.

இங்கே நம் மாவட்டத்துக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம் வாய்த்திருக்கிறது. மழைக்காலத்தில் நமக்கு உண்மையில் வருவது எலிக்காய்ச்சல். சானல் என்னும் கால்வாயைத் தூர்வாருகிறவர்கள், தேங்கிய நீரில் இறங்கி நாற்று நடுகிறவர்கள், மாடு மேய்ப்பவர்கள் ஆகியோருக்குக் காலின் வெடிப்பு வழியே எலியின் சிறுநீரிலிருந்து கிருமி புகுகிறது. கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் அதன் அடையாளம். புதர்களில் இருக்கும் பூச்சிக்கடியால் உண்ணிக்காய்ச்சலும் வருகிறது. அதற்குக் கடிபட்ட இடத்தில் கருகிய புண் ஒன்று இருக்கும். இவ்விரண்டுக்கும் மருத்துவர்கள் முதலில் எடுக்கும் மருந்து டாக்சிசைக்ளின். எலியோடும் புதரோடும் சம்பந்தப்பட்ட காய்ச்சல் என்று சந்தேகித்து அரசு மருத்துவர் அதை உடனே தொடங்கினால், அவர் அறியாமலேயே பிளேக்குக்கும் பாதி வழி அடைத்துவிடுகிறார். இதற்காகவாவது, மழைக்காலக் காய்ச்சலை மருந்துக் கடையில் முடித்துக்கொள்ளாமல் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ போய் ரத்தம் கொடுங்கள் என்று சொல்வேன். போகும்போது மூன்று செய்திகளைக் கேட்காமலே சொல்லுங்கள்: சமீபத்தில் எங்கே போனீர்கள், எந்த விலங்கைத் தொட்டீர்கள் அல்லது அறுத்தீர்கள், வீட்டைச் சுற்றி எலி செத்ததா. பூனையும் இந்தக் கணக்கில் சேரும். நாய் பெரும்பாலும் பிளேக்கைத் தாங்கிக்கொள்ளும். பூனை நோயில் விழும், அதன் தும்மலிலிருந்தே மனிதனுக்கு ஒட்டும். 2024-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒருவருக்கு வந்தது வளர்ப்புப் பூனையிடமிருந்து என்றே கருதினார்கள்.

எலிக்குத் திரும்புவோம். மருந்து வைத்து இரண்டு எலி செத்தால் அது மருந்தின் வேலை. மருந்தே வைக்காத இடத்தில், கோட்டாறு மார்க்கெட் போன்ற தானியக் கிடங்குகள் நிறைந்த தெருவிலோ ஒரு குடியிருப்பிலோ, அடுத்தடுத்த நாட்களில் பல எலிகள் செத்து விழுந்தால் அதைச் சுகாதார ஆய்வாளருக்குச் சொல்ல வேண்டும். நம் வழக்கமோ வாலைப் பிடித்துத் தூக்கிப் பக்கத்து விளையில் எறிவது, கொஞ்சம் நாகரிகமானவர்கள் சாலையின் நடுவில் போடுவது. வெறுங்கையால் தொடக் கூடாது. பூச்சிகொல்லி தெளித்துச் சற்று நேரம் விட்டு, கையுறை மாட்டி, பாலித்தீன் பையைத் தலைகீழாகக் கையில் போட்டு எலியை அள்ளி, பையைத் திருப்பிக் கட்டி ஆழப் புதைக்க வேண்டும். பிளேக் சந்தேகம் வந்துவிட்ட இடத்தில் எலியைக் கொல்ல யாரும் முந்திக்கொள்ளக் கூடாது. முதலில் வளைகளிலும் சுவரோரங்களிலும் மருந்துப்பொடி தூவித் தெள்ளைக் கொல்வார்கள். எலி அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் வீடற்றுப்போன பூச்சிகள் எல்லாம் நம் பாயைத் தேடி வரும்.

நுரையீரல் பிளேக் உள்ளவரோடு இரண்டு மீட்டருக்குள் பழகியவர்களுக்கு ஏழு நாட்கள் தடுப்பு மருந்து உண்டு. அதை மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும், 1994-இல் செய்ததுபோல் கடையை முற்றுகையிட்டு அல்ல. பொதுமக்கள் போட்டுக்கொள்ளும்படியான தடுப்பூசி புழக்கத்தில் இல்லை. காரணம் தெரியாமல் எலிகள் கூட்டமாகச் சாவதைக் கண்டால் ஊர்ச் சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்கலாம். அங்கே யாரைப் பார்ப்பது என்று தெரியாதவர்கள் 104 என்ற எண்ணுக்கு அழைத்து விசாரிக்கலாம்.